ஒரு தண்ணீர்ப் பானையும் ஒரு மாணவர் சங்கமும்

பழைய மாணவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே வந்து நிற்கும் என்பது தெரிந்ததுதான். பாடம் நடத்திய விதம் கொஞ்சம், ஹாஸ்டல் சாப்பாடு கொஞ்சம், மீதியெல்லாம் மன்றமும் பேரவையும்தான். வாங்கிய மார்க் மறந்துபோகிறது. சங்கத்தில் ஓடியாடிச் செய்த வேலை மறப்பதில்லை. ஏன் அப்படி? நம் தஞ்சைச் சீமையின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது.

பூதலூர் வட்டாரப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் கல்லூரி என்றாலே ரயில் பயணம்தான். தஞ்சையில் சரபோஜி கல்லூரி வந்தது 1955-ல். பூண்டி புஷ்பம் கல்லூரி 1956-ல். அதற்கு முன்பு பட்டப் படிப்பு என்றால் பெரும்பாலும் மேற்கே திருச்சி, இல்லையேல் கிழக்கே கும்பகோணம். காவிரிக் கரையில் இருக்கும் கும்பகோணம் அரசினர் கல்லூரி 1854-ல் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்தது. கணித மேதை ராமானுஜன் 1904-ல் சேர்ந்த கல்லூரி. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெயர் வாங்கியது.

அப்படிப்பட்ட கல்லூரியின் விடுதியில் 1943-ல்கூட பிராமண மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு வேறு பானை! ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்கிறவர்களுக்குத் தாகம் மட்டும் தனித்தனியா? தகராறு எழுந்தது. சும்மா சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தால் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். தவமணிராசன், கருணானந்தம் முதலிய மாணவர்கள் அப்படி விடவில்லை. ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள். திராவிட மாணவர் கழகம் என்று பெயர். 1943 டிசம்பர் 1-ல் அண்ணா வந்து தொடங்கி வைத்தார். 1944 பிப்ரவரியில் கும்பகோணத்திலேயே மாநாடும் நடந்தது. சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில்தான். பெரியவர்கள் முடிவு செய்வதற்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் முன்னாலேயே பையன்கள் பெயர் வைத்துவிட்டார்கள்!

கொள்கையில் நமக்குள் ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். அது கிடக்கட்டும். மூன்றே மாதத்தில் ஒரு மாநாடு நடத்த என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இடம், பந்தல், நன்கொடை, அதற்கு ரசீது, நோட்டீஸ், பேச்சாளருக்குக் கடிதம், வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு. இதில் எதையும் பாடப் புத்தகம் சொல்லித் தருவதில்லை. பின்னாளில் கவிஞராகவும், பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவராகவும் கருணானந்தம் பெயர் பெற்றார். அவருடைய பொதுவாழ்வுக்கு அடித்தளம் அந்த விடுதியில் போட்டதுதான்.

வேறு கொள்கை வழியில் நடந்தவர் ஒருவரையும் பார்ப்போம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் 1937-ல் சேர்ந்தவர் என். சங்கரய்யா. படிக்கும்போதே மாணவர் சங்கத்தில் பொறுப்பேற்றார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானபோது, அதைக் கண்டித்துத் துண்டறிக்கை எழுதினார். அதற்காக 1941 பிப்ரவரியில் இவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே பாக்கி! பதினெட்டு மாதம் சிறை. பட்டம் போனது போனதுதான். ஆனால் 1967, 1977, 1980 என்று மூன்று முறை மதுரை மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2021-ல் தமிழக அரசு 'தகைசால் தமிழர்' விருதை முதன்முதலாக அவருக்குத்தான் வழங்கியது. விருதுத் தொகை பத்து லட்சம் ரூபாயையும் கொரோனா நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். 2023 நவம்பர் 15-ல், நூறு வயதைக் கடந்து மறைந்தார்.

இரண்டு கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் பதவிக்காகச் சங்கத்துக்கு வரவில்லை. பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஏற்பட்ட அவமானத்தையும், முகம் தெரியாத ஊர் மாணவனுக்கு நேர்ந்த கஷ்டத்தையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார்கள். தலைமை அங்கேதான் முளைத்தது. மைக்கும் மாலையும் பிறகு வந்தவை.

நம்ம ஊர்ப் பக்கம் இது புது விஷயமில்லை. கல்லணையில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர் வார ஊரே சேர்ந்து இறங்கியதைக் குடிமராமத்து என்றார்கள். மண்வெட்டி பிடிக்காதவன் பேச்சு மடையில் எடுபடாது.

அரசியல் பக்கமே போகாதவர்களுக்கும் வழி உண்டு. காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969-ல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை, ஏழு நாள் கிராம முகாம் என்பது அதன் முறை. ஐம்பது பேருக்கு அரிசி, பருப்பு கணக்குப் போட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் பேசி இடம் வாங்கி, சண்டை வந்தால் சமாதானம் செய்து, முடிவில் வவுச்சரோடு கணக்கு ஒப்படைக்கிற மாணவிக்கு வேறென்ன பயிற்சி வேண்டும்? வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற அந்தப் பெண், நாளைக்குத் தாலுகா ஆபீஸில் மனு கொடுக்கும்போது குரல் நடுங்காது.

ஆனால் ஒரு கவலையையும் சொல்லத்தான் வேண்டும். இன்று பல கல்லூரிகளில் பேரவைத் தேர்தலே கிடையாது, நியமனம்தான். அடிதடி வரும் என்ற பயம் நியாயமானதே. அதற்காகத்தான் லிங்டோ குழு விதிகளை வகுத்தது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஒழுங்குக்கு வழி இருக்கும்போது கதவையே சாத்துவது சரியா? தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா?

மாணவச் செல்வங்களே! செயலாளர் பதவி கிடைக்கவில்லையே என்று ஒதுங்காதீர்கள். நாற்காலி அடுக்குகிற வேலை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியிலும் ஏதாவது ஒரு 'தண்ணீர்ப் பானை' இருக்கும். அதைப் பார்க்கிற கண் முக்கியம்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கும் பரிசுக்கும் நிதி தருகிறோம், நல்லதுதான். கூடவே மாணவர் மன்றத்துக்கு ஓர் அறை, ஒரு பீரோ, ஒரு கணக்கு நோட்டு வாங்கிக் கொடுப்போம். வரவு செலவை அவர்களே எழுதட்டும். தப்பு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவோம். கையெழுத்து மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்.