குற்றாலக் குறவஞ்சி: வினாத்தாளும் மேடையும்

குறவஞ்சி 96 வகைச் சிற்றிலக்கியங்களில் ஒன்று என்பது தமிழ்த் தேர்வுக்குப் படிப்பவர் முதலில் மனப்பாடம் செய்யும் ஒரு மதிப்பெண் விடை. குறத்திப்பாட்டு என்ற மறுபெயர் அடுத்த விடை. இது ஆடுவதற்காக எழுதப்பட்ட நாடகம் என்பது மட்டும் வினாத்தாளில் பெரிதாக இடம்பெறுவதில்லை.

இவ்வகையில் பெயர்பெற்றது, மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி. கட்டியங்காரன் குற்றாலநாதரின் உலாவை அறிவிக்கிறான். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி இறைவனைக் கண்டு மையல் கொள்கிறாள். குறத்தி சிங்கி வந்து தன் மலைவளம் பேசி, கைபார்த்துக் குறி சொல்லி, பரிசு பெற்றுப் போகிறாள். பிறகு கதை தெருவுக்கு இறங்குகிறது. பறவைக்குக் கண்ணி வைக்கும் சிங்கன், நூவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு மனைவி சிங்கியைத் தேடி அலைகிறான். கண்டதும் அவள் மேல் கிடக்கும் புது நகைகளை ஒவ்வொன்றாக விசாரிக்கிறான். காலில் கிடப்பது அவன் கண்ணுக்கு விரியன் பாம்பு. அவளோ அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். பாடநூல் தொகுப்போருக்குப் பிடித்த பகுதி இது. எந்த ஊரில் எந்த நகை என்று பிசகாமல் எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆனால் அவன் சந்தேகமும் அவள் குறும்பும் இரண்டு குரல்களில் கேட்டால்தான் பிடிபடும். பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறித்திருக்கும்; வகுப்பறை அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறது.

மேடையில் குறவஞ்சிக்குக் கோயில்தான் பழைய களம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) மீது கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைத் தஞ்சைப் பெரிய கோயில் திருவிழாவில் தேவரடியார்கள் ஆடிவந்தனர். கோயிலில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டித் தேவரடியார்களாக்கும் முறை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. கோயில் குறவஞ்சியும் அந்தக் காலத்தோடு மறைந்தது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அது அடையாற்றில் வேறு உருவம் எடுத்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது. பாடநூல் விட்டுவிட்ட இராக தாளம் இங்கே முதல் வேலையாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில்தான், உ.வே.சாமிநாதையர் சேர்த்துவைத்த ஏடுகளைக் காக்க அவர் பெயரில் ஒரு நூல் நிலையத்தையும் ருக்மிணி தேவி நிறுவியிருந்தார். பின்னாளில் நடனப் பள்ளி திருவான்மியூருக்குப் போக, நூல் நிலையம் பெசன்ட் நகரில் கலாக்ஷேத்ரா காலனியின் அருண்டேல் கடற்கரைச் சாலையில் அமைந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓலைச்சுவடிகள் அங்கே இருக்கின்றன. ஏட்டுப் படிப்பும் ஆட்டப் பயிற்சியும் இப்படி அக்கம்பக்கத்திலேயே நிலைத்தன. கலாக்ஷேத்ரா மேடையில் பிற்பாடு பாபநாசம் சிவன் இசையமைத்த கண்ணப்பர் குறவஞ்சியும் சேர்ந்தது.