நின்டெண்டோ ஸ்விட்ச்: ஐயங்களுக்கு நடுவே வந்த கன்சோல்

நின்டெண்டோ ஸ்விட்ச் என்பது ஜப்பானின் கியோட்டோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று வெளியிட்ட வீடியோ கேம் கன்சோல் ஆகும். வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்தும், வெளியே கையில் எடுத்துச் சென்றும் ஆடும்படி இது அமைக்கப்பட்டது. இன்று 15 கோடிக்கும் மேல் விற்ற கருவியாக அறியப்படும் இதை, அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதங்களில் ஆட்டக்காரர்களும் முதலீட்டாளர்களும் ஐயத்தோடுதான் பார்த்தார்கள். அந்த ஐயங்கள் எங்கிருந்து எழுந்தன, அவற்றுள் எவை மெய்யாயின, எவை பொய்த்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு தனி வழிகள்

நின்டெண்டோ 1889-இல் ஹனஃபுடா என்னும் ஜப்பானியச் சீட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனமாகத் தொடங்கியது. மின்னணு விளையாட்டுத் துறைக்கு வந்தபின் அது இரண்டு வழிகளில் நடந்தது. ஒன்று, தொலைக்காட்சியோடு இணைக்கும் வீட்டுக் கன்சோல். 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் இவ்வழியில் பெரும் வெற்றி பெற்றது. மற்றொன்று, கையடக்கக் கன்சோல். 1980-இல் வந்த கேம் அண்ட் வாட்ச், 1989-இல் வந்த கேம் பாய் ஆகியவை இவ்வழியைச் சேர்ந்தவை.

இரண்டு வழிகளுக்கும் தனித்தனி வன்பொருள், தனித்தனி மென்பொருள், தனித்தனிக் குழுக்கள் இருந்தன. ஒரு கருவிக்கு எழுதிய ஆட்டம் மற்றொன்றில் ஓடாது. நிறுவனத்தின் ஆட்ட உருவாக்குநர்களும் இரண்டு கருவிகளுக்காகப் பிரிந்து உழைத்தார்கள். இருந்தும் இம்முறை நெடுங்காலம் பயன் தந்தது. 2004-இல் வந்த டிஎஸ் 15 கோடியைத் தாண்டியும், 2006-இல் வந்த வீ 10 கோடியைத் தாண்டியும் விற்றன.

வீட்டுக் கன்சோலின் ஆட்டங்களைக் கையில் எடுத்துச் செல்லும் எண்ணம் புதிதன்று. சேகா நிறுவனம் 1995-இல் வெளியிட்ட நோமாட், அந்நிறுவனத்தின் வீட்டுக் கன்சோலுக்கான கார்ட்ரிட்ஜ்களையே கையில் வைத்து ஆட வழி செய்தது. அதைத் தொலைக்காட்சியோடும் இணைக்க முடிந்தது. ஆனால் அது ஆறு பேட்டரிகளை விரைவில் தின்று தீர்த்தது, சந்தையிலும் நிலைக்கவில்லை. சோனியின் கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டா 2011 இறுதியில் வந்தது. உயர்தரமான திரையும் வலிமையான செயலியும் கொண்டிருந்தும் அது போதிய ஆட்டங்கள் இன்றித் தளர்ந்தது. ஆகவே, இரண்டையும் ஒன்றாக்க முயன்றவர்கள் தோற்றார்கள் என்ற நினைவு 2016-இல் ஆட்டக்காரர்களிடம் இருந்தது.

வீ யூ விட்டுச்சென்ற வடு

ஐயத்துக்கு நெருங்கிய காரணம் நின்டெண்டோவின் சொந்தத் தோல்வி. 2012 நவம்பரில் வந்த வீ யூ என்னும் கன்சோலின் கண்ட்ரோலரில் 6.2 அங்குலத் திரை ஒன்று இருந்தது. தொலைக்காட்சியை வேறு ஒருவர் பார்க்கும்போது இத்திரையில் ஆடலாம். ஆனால் கன்சோலை விட்டுச் சில மீட்டர் தள்ளிப் போனால் படம் அறுந்துவிடும். இது புதிய கன்சோலா, பழைய வீயின் துணைக்கருவியா என்பதே பலருக்கு விளங்கவில்லை. மற்ற நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகளில் இதற்கு ஆட்டங்கள் செய்வதைக் குறைத்துக்கொண்டன. இறுதியில் விற்பனை சுமார் 1 கோடியே 35 லட்சத்தில் நின்றது.

கையடக்க வழியிலும் இடர் இருந்தது. 2011-இல் வந்த 3டிஎஸ் மெதுவாக விற்றதால், அதே ஆண்டு ஆகஸ்டில் அதன் அமெரிக்க விலை 249.99 டாலரிலிருந்து 169.99 டாலராகக் குறைக்கப்பட்டது. அப்போதைய தலைவர் சடோரு இவாடா தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள் நிறுவனம் தொடர்ந்து இயக்க இழப்பைக் கண்டது. ஸ்மார்ட்போன் வந்த பிறகு கையடக்கக் கன்சோலுக்கு இடமில்லை, சேகா 2001-இல் செய்ததுபோல நின்டெண்டோவும் வன்பொருளைக் கைவிட்டு ஆட்டங்களை மட்டும் செய்ய வேண்டும் என்ற கருத்து வலுத்தது. அடுத்த கன்சோலும் தோற்றால் அக்கருத்தை மறுக்க நிறுவனத்திடம் அதிகம் இருந்திருக்காது.

வாங்கியவர்களுக்கும் இழப்பு இருந்தது. வீ யூவுக்குப் பணம் கொடுத்தவர்கள் நான்கே ஆண்டுகளில் அதற்குப் புதிய ஆட்டங்கள் வருவது ஓய்ந்ததைக் கண்டார்கள். அதன் உற்பத்தி 2017 ஜனவரியில் நின்றது. மீண்டும் ஒருமுறை திரையுள்ள ஒரு கருவியை அதே நிறுவனம் காட்டியபோது அவர்கள் தயங்கியது இயல்பே.

என்எக்ஸ் என்ற பெயரில்

2013 பிப்ரவரியில் இவாடா ஒரு மாற்றத்தைச் செய்தார். வீட்டுக் கன்சோலுக்கும் கையடக்கக் கன்சோலுக்கும் தனியாக இருந்த வன்பொருள் மேம்பாட்டுப் பிரிவுகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. வெளியே அதிகம் பேசப்படாத இம்மாற்றமே பின்னர் ஸ்விட்ச் உருவாக அடித்தளம் ஆனது.

2015 மார்ச்சில் டிஎன்ஏ என்னும் நிறுவனத்தோடு கைப்பேசி ஆட்டங்களுக்கான கூட்டணியை அறிவித்தபோது, கன்சோல் தொழிலைக் கைவிடவில்லை என்று காட்டுவதற்காக, என்எக்ஸ் என்ற குறிப்பெயரில் புதிய கருவி உருவாகி வருவதையும் இவாடா தெரிவித்தார். அவ்வாண்டு ஜூலை 11 அன்று தம் 55-ஆவது வயதில் அவர் காலமானார். செப்டம்பரில் தட்சுமி கிமிஷிமா தலைவரானார்.

2016 அக்டோபர் 20 அன்று, மூன்றரை நிமிட அளவிலான காணொளி ஒன்றின் வழியே ஸ்விட்ச் உலகுக்குக் காட்டப்பட்டது. தாங்கியிலிருந்து திரையை எடுத்து, இருபுறமும் ஜாய்-கான் என்னும் சிறு கண்ட்ரோலர்களைப் பொருத்தி, ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்தே வெளியில் தொடர்வதை அது காட்டியது. கருத்து தெளிவாக இருந்தது. ஆயினும் மறுநாள் பங்கு விலை 6 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 2017 ஜனவரி 13 அன்று டோக்கியோவில் விலையும் வெளியீட்டு நாளும் அறிவிக்கப்பட்டபோது மீண்டும் 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக விழுந்தது.

ஆட்டக்காரர்கள் எழுப்பிய ஐயங்கள்

அறிவிப்புக்குப் பின் எழுந்த ஐயங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முதலாவது, வலிமை. ஸ்விட்சில் என்விடியா நிறுவனத்தின் டெக்ரா வகைச் செயலி இருந்தது. கையில் ஆடும்போது திரையின் தெளிவு 720பி. தொலைக்காட்சியில் அதிகபட்சம் 1080பி. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-ஐவிட இது வலிமை குறைந்தது. மற்ற நிறுவனங்களின் பெரிய ஆட்டங்கள் இதில் எப்படி ஓடும் என்று கேட்டார்கள்.

இரண்டாவது, விலை. அமெரிக்காவில் 299.99 டாலர், ஜப்பானில் 29,980 யென் என்று வைக்கப்பட்டது. அதே 299 டாலருக்கு மெலிந்த வடிவப் பிளேஸ்டேஷன் 4 அப்போதே கிடைத்தது. கூடுதல் ஜாய்-கான் இணை 79.99 டாலர். கருவியின் தன்மையைக் காட்டுவதற்காகவே செய்யப்பட்ட 1-2-ஸ்விட்ச் என்ற ஆட்டமும் தனியாக விற்கப்பட்டது. முன்பு பெரும்பாலான நாடுகளில் வீ ஸ்போர்ட்ஸ் வீயுடன் சேர்த்தே தரப்பட்டதை ஆட்டக்காரர்கள் நினைவூட்டினார்கள்.

மூன்றாவது, பேட்டரியும் சேமிப்பிடமும். ஆட்டத்தைப் பொறுத்து இரண்டரை மணி முதல் ஆறு மணி நேரம் வரை என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. பெரிய ஆட்டங்களுக்குக் குறைந்த கணக்கே பொருந்தும். உள்சேமிப்பு 32 ஜிபி மட்டுமே.

நான்காவது, ஆட்டங்கள். வெளியீட்டு நாளில் பெரிய ஆட்டமாக இருந்தது செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்ட் ஒன்றே. அதுவும் அதே நாளில் வீ யூவுக்கும் வந்தது. அப்படியானால் புதிய கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானது.

ஐந்தாவது, இணையச் சேவை. இதுவரை இலவசமாக இருந்த இணையவழி ஆட்டத்துக்கு இனிக் கட்டணம் என்றார்கள். ஆனால் குரல்வழிப் பேச்சுக்குத் தனியே கைப்பேசிச் செயலி தேவைப்படும் என்ற செய்தியும் உடன் வந்தது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருந்த பெரிய ஐயம் வேறு. வீட்டுக் கன்சோலாகப் பார்த்தால் வலிமை குறைவு. கையடக்கக் கருவியாகப் பார்த்தால் பருமனும் விலையும் மிகுதி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலையில் நிற்கும் கருவி இரண்டு பக்கமும் தோற்கும் என்று கருதப்பட்டது. இது முதன்மையாக வீட்டுக் கன்சோலே, 3டிஎஸ் தொடர்ந்து இருக்கும் என்று நிறுவனமே அப்போது சொல்லிவந்ததும் இந்த ஐயத்தை வளர்த்தது.

வெளியீடும் விற்பனையும்

மார்ச் மாதத்தில் 20 லட்சம் கருவிகளை அனுப்ப எண்ணியிருந்த நின்டெண்டோ, மாத முடிவில் 27 லட்சத்து 40 ஆயிரத்தை எட்டியது. அமெரிக்காவில் அம்மாதம் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்விட்சுகள் விற்றன. ஸ்விட்சுக்கான செல்டா ஆட்டமோ, விற்ற கருவிகளின் எண்ணிக்கையையும் தாண்டி விற்றது. ஒரே நல்ல ஆட்டம் ஒரு கருவியைத் தூக்கி நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

அதன்பின் ஆட்டங்கள் இடைவெளி விட்டு வந்துகொண்டே இருந்தன. ஏப்ரல் 28-இல் மாரியோ கார்ட் 8 டீலக்ஸ், அக்டோபர் 27-இல் சூப்பர் மாரியோ ஒடிசி. 2017 டிசம்பர் முடிவில், பத்தே மாதங்களில், வீ யூவின் மொத்த விற்பனையை ஸ்விட்ச் தாண்டியது.

மெய்யான ஐயங்கள்

வெற்றி பெற்றதால் ஐயங்கள் எல்லாம் வீண் என்று கொள்வது பிழை. அவற்றுள் பல சரியாகவே இருந்தன.

வெளியீட்டு நாள்களிலேயே இடப்புற ஜாய்-கானின் கம்பியில்லா இணைப்பு அறுபடுவதாகப் புகார்கள் எழுந்தன. நிறுவனம் பழுது நீக்கித் தந்தது. பின்னர், கைவைக்காமலே குச்சி தானாக நகரும் கோளாறு பரவலாகப் பேசப்பட்டு, 2019-இல் அமெரிக்காவில் வழக்காயிற்று. 2020 ஜூனில் அப்போதைய தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா இதனால் ஏற்பட்ட இடையூறுக்கு மன்னிப்புக் கேட்டார்.

கட்டண இணையச் சேவை 2018 செப்டம்பரில்தான் தொடங்கியது. குரல்வழிப் பேச்சுக்குக் கைப்பேசியை நாடும் முறையும் தொடர்ந்தது. 32 ஜிபி போதாமல் பலர் மெமரி கார்டு வாங்கினார்கள். வலிமைக் குறைவால் மற்ற நிறுவனங்களின் பல ஆட்டங்கள் தாமதமாக வந்தன. சில வரவே இல்லை. வந்தவையும் படத்தெளிவைக் குறைத்துக்கொண்டே வந்தன. 2019-இல் தி விட்சர் 3 ஸ்விட்சில் ஓடியதைப் பலர் வியந்தார்கள். அந்த வியப்பே கருவியின் எல்லையையும் காட்டியது.

பொய்த்த ஐயம்

பொய்த்தது அந்தப் பெரிய ஐயம் மட்டுமே. இரண்டு வேலைகளையும் அரைகுறையாகச் செய்யும் கருவி தோற்கும் என்ற கணக்கு ஏன் தவறியது?

அக்கணக்கு கருவியின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே, அவற்றின் சிறந்த போட்டியாளரோடு ஒப்பிட்டது. இரண்டும் ஒன்றானதால் ஆட்டங்களின் பக்கம் என்ன நேரும் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை. முன்பு இரண்டு கருவிகளுக்காகப் பிரிந்து உழைத்த நின்டெண்டோவின் குழுக்கள் படிப்படியாக ஒரே கருவிக்கு ஆட்டங்கள் செய்யத் தொடங்கின. போகிமான், அனிமல் கிராசிங் போன்று கையடக்கக் கருவிகளில் வளர்ந்த வரிசைகளும், செல்டா, மாரியோ போன்ற வரிசைகளின் பெரிய வீட்டு ஆட்டங்களும் ஒரே இடத்தில் சேர்ந்தன. வீ யூவைக் கொன்ற ஆட்டப் பஞ்சம் இதனால் ஸ்விட்சுக்கு நேரவில்லை. வீட்டா தோற்றதும் ஆட்டம் இல்லாமல்தான்.

மாரியோ கார்ட் 8 இதற்கு நல்ல சான்று. 2014-இல் வீ யூவில் வந்தபோது அது சுமார் 84 லட்சம் படிகள் விற்றது. சில சேர்க்கைகளோடு அதே ஆட்டம் ஸ்விட்சில் 6 கோடியைத் தாண்டியது. ஆட்டம் ஏறக்குறைய ஒன்றே. ஆடக்கூடிய இடங்களும் கருவியை வைத்திருந்தவர்களின் எண்ணிக்கையும்தான் மாறின.

பயன்பாடும் எதிர்பார்த்தபடி இல்லை. சிலர் தாங்கியிலிருந்து கருவியை எடுத்ததே இல்லை. சிலர் தொலைக்காட்சியோடு இணைத்ததே இல்லை. இதை உணர்ந்த நிறுவனம், தொலைக்காட்சியோடு இணைக்க முடியாத ஸ்விட்ச் லைட்டை 2019 செப்டம்பரில் விலை குறைத்து வெளியிட்டது. 3டிஎஸ் உற்பத்தி 2020-இல் நின்றது. நாற்பது ஆண்டுகளாகத் தனித்தனியே சென்ற இரண்டு வழிகள் அத்துடன் ஒன்றாயின.

தாக்கம்

2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் கணினி ஆட்டங்களைக் கையில் வைத்து ஆடும் ஸ்டீம் டெக்கை வெளியிட்டது. பிற கணினி நிறுவனங்களும் அவ்வடிவில் கருவிகளைச் செய்தன. 2025 ஜூன் 5 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 449.99 டாலர். விலை மிகுதி, ஆட்டங்களின் விலையும் மிகுதி, ஆட்டம் முழுவதையும் கொண்டிராமல் பதிவிறக்கத்துக்கான திறவுகோலாக மட்டும் அமையும் அட்டைகள் என்று இம்முறையும் ஆட்டக்காரர்கள் குறை கூறினார்கள். வெளியான நான்கு நாள்களில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. இரண்டையும் ஒரே கருவியில் சேர்ப்பது சரியா என்ற 2016-ஆம் ஆண்டின் கேள்வியை மட்டும் இம்முறை பெரும்பாலும் எவரும் எழுப்பவில்லை.