நாலு வினாடி தாமதம்

2011 ஏப்ரல் 2 இரவு தோனி அடித்த அந்த சிக்ஸரை நான் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டு டிவியில் குலசேகரா இன்னும் பந்தைத் தேய்த்தபடி திரும்பி நடந்துகொண்டிருந்தார். அதற்குள் தெரு முழுக்கக் கூச்சல், விசில். கோவில்பட்டியில் வெடிக்குக் கேட்கவா வேண்டும், சிவகாசி கூப்பிடு தூரம். அப்பா நிதானமாக, “முடிச்சிட்டாம் போல”ன்னார். அதற்குப் பிறகுதான் எங்கள் தோனி மட்டையைச் சுழற்றினார். இந்தியா உலகக்கோப்பை வென்ற தருணத்தை நாங்கள் மறுஒளிபரப்பு மாதிரிதான் பார்த்தோம்.

காரணம் எளிமையானது. பக்கத்து வீடுகளில் கேபிள். எங்கள் வீட்டு மாடியில் டிஷ்.

சேட்டிலைட்டுக்குப் போய்விட்டு வர நேரமாகாதா என்று அப்பா விளக்கம் சொல்வார். பாதி சரி. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஒளி போய்த் திரும்ப கால் வினாடி போதும். மீதித் தாமதம் வேறு இடத்தில் இருந்தது. கேபிள்காரரின் பெரிய டிஷ், சேனல் அனுப்பும் சிக்னலை சி பேண்டில் நேராகப் பிடித்து, கம்பியில் ஏற்றிவிடும். டிடிஎச் நிறுவனமோ அதே சிக்னலை இறக்கி, சுருக்கி, மற்ற சேனல்களோடு மூட்டை கட்டி, மறுபடி இன்னொரு செயற்கைக்கோளுக்கு ஏற்றும். அது கேயூ பேண்டில் நம் மாடிக்கு வரும். நம் பெட்டி மூட்டையைப் பிரிக்கும். எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக் கணக்குப்படி நாலு வினாடி. தெருவில் யாராவது கத்தியதும் நான் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன்.

இந்த நாலு வினாடியை நாங்கள் மாதம் முப்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக வாங்கினோம்.

2008இல் நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். கேபிளுக்கு மாதம் 130 ரூபாய். 100 ஆக இருந்தது, கேட்காமல் கொள்ளாமல் ஏறியிருந்தது. டிடிஎச் சந்தா 100. ஆனால் டிஷ், பெட்டி, மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஆரம்பத்திலேயே 1,500 வைக்க வேண்டும். நான் காலண்டர் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டு, போட்ட காசு திரும்ப நாலு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பெட்டியே ரிப்பேராகிவிடும் என்று அம்மாவுக்கு நிரூபித்தேன். அம்மா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல அண்ணாச்சி வாசல்ல வந்து நிக்கிறது எங்க இருக்கு?”ன்னா.

கேபிள் அண்ணாச்சி ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்கு மேல் சைக்கிளில் வருவார். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை வேலை. சம்பளம் எப்போது வரும் என்பது முதலாளிக்கே தெரியாது. “அடுத்த வாரம் வாங்க அண்ணாச்சி” என்று அம்மா உள்ளிருந்தே சொல்வாள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம்தான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. டிடிஎச்சில் காசு இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் திரை அணைந்துவிடும். யாரும் வாசலுக்கு வர மாட்டார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் மானம் போகாது.

மாறிய மாதம் அண்ணாச்சிக்கு இரண்டு மாத பாக்கி இருந்தது. 260 ரூபாய். அதைக் கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரையில் எல்லாக் கணக்கும் வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுச் சிக்கனம் இது. ஆனால் கேபிளுக்கு மாற்றாக இன்னொன்று இருந்ததே ஒரு பெரிய வரலாற்றின் கடைசி அத்தியாயம். கொஞ்சம் பின்னால் போகலாம்.

தென்மாவட்டக்காரர்களுக்கு டிவி முதலில் கடலைத் தாண்டி வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிவிட்டாலும் அதன் கை எங்கள் பக்கம் எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்தபோது தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வசதியுள்ள வீடுகளில் உயரமான குழாய்களில் ஆன்டெனா கட்டி அதைப் பிடித்தார்கள். அப்பா சிங்களச் செய்தியைப் புரியாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். காசு கிடையாது, மாதச் சந்தா கிடையாது, காற்று அடித்தால் படம் கிடையாது. பிறகு கொடைக்கானல் கோபுரம் வந்து தூர்தர்ஷன் வீட்டுக்குள் நுழைந்தது.

கேபிள் அதற்கு நடுவில், திருட்டுப் பிள்ளையாய்ப் பிறந்தது. ஒரு வீசிஆர், ஒரு வீட்டிலிருந்து பத்து வீட்டுக்கு மரக்கிளை வழியே வயர், ராத்திரி ஒரு படம். 1991இல் வளைகுடாப் போரும், ஆசியாசாட் வழியாக வந்த ஸ்டார் டிவியும் இந்தப் பையன்களை டிஷ் வைக்கத் தூண்டின. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அதற்குப் பிறகு கேபிள் ஆடம்பரம் இல்லை, மளிகை மாதிரி ஆகிவிட்டது. கேபிளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்ததே 1995இல்தான். அதாவது தொழில் முதலில், சட்டம் பிறகு.

அந்தத் தொழில் ஒரு பொய்யின் மேல் நின்றது என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன் (பில்லிங் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு). அனலாக் வயரில் எத்தனை டிவி தொங்குகிறது என்று யாராலும் எண்ண முடியாது. கேபிள்காரர் 600 வீட்டுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு மேலே 150 என்று கணக்குக் காட்டுவார். மேலே இருப்பவர் தொலைக்காட்சி நிறுவனத்திடம் அதிலும் குறைத்துக் காட்டுவார். தொலைக்காட்சிக்காரர்கள் இது தெரிந்தே ஒரு இணைப்புக்கான விலையை ஏற்றிக் கேட்பார்கள். இந்தப் பொய்க்குள்தான் எங்கள் 100 ரூபாயும் அண்ணாச்சியின் பொறுமையும் இருந்தன. இரண்டு மாத பாக்கியை அவர் தாங்க முடிந்தது, எங்கள் வீடு அவருடைய கணக்கிலேயே இல்லாததால்தான்.

இந்த எண்ணிக்கைப் பொய்யை உடைக்க முதல் முயற்சி சென்னையில் நடந்தது. 2003 செப்டம்பர் 1 முதல் கட்டணச் சேனல் பார்க்கப் பெட்டி வேண்டும் என்ற முறை சென்னையில் அமலானது. மற்ற பெருநகரங்கள் அப்போது தப்பித்துக்கொண்டன. சென்னைக்காரர்கள் பெட்டி வாங்கவில்லை. இலவசச் சேனல்கள் போதும் என்று பெரும்பாலோர் உட்கார்ந்துவிட்டார்கள். சிக்கனத்தில் சென்னை எங்கள் அம்மாவுக்குச் சளைத்ததல்ல.

டிடிஎச்சின் கதை இன்னும் வேடிக்கை. 1997இல் மத்திய அரசு அதைத் தடைசெய்தது. முர்டாக்கின் நிறுவனம் நேராக வீட்டு மாடிக்கு வந்துவிடும், அதைத் தணிக்கை செய்ய முடியாது என்ற பயம். 2000 நவம்பரில் தடை நீங்கியது. 2003இல் டிஷ் டிவி, 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் மாதச் சந்தாவே இல்லாத டிடி டைரக்ட் பிளஸ், 2006இல் டாடா ஸ்கை. வடக்கே தூர்தர்ஷனின் இலவச டிஷ் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போனது. சந்தா மிச்சம் என்றால் அதுதான் உண்மையான மிச்சம். ஆனால் தமிழ்நாட்டில் அது எடுபடவில்லை. மக்கள் பார்க்க விரும்பிய தமிழ்க் கட்டணச் சேனல்கள் அதில் இல்லை. சீரியல் இல்லாத டிஷ் எதற்கு, துணி காயப்போடவா?

தமிழ்நாட்டில் டிஷ் பரவியது வேறு காரணத்தால். இங்கே கேபிள் என்பது அரசியல். சுமங்கலி கேபிள் விஷன் சன் குழுமத்தைச் சேர்ந்தவர்களுடையது. எந்தச் சேனல் எந்த எண்ணில், எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதெல்லாம் கம்பியைக் கையில் வைத்திருப்பவர் முடிவு. 2006 தொடக்கத்தில் ஜெயலலிதா அரசு கேபிள் நிறுவனங்களைக் கையகப்படுத்த ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் கிடைக்கவில்லை. அடுத்து வந்த தேர்தலில் கலர் டிவி இலவசம் என்றது திமுக; ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. டிவி இலவசம், அதற்குள் வரும் படத்துக்கு மாதக் காசு. 2007 மே மாதம் தினகரன் கருத்துக்கணிப்பு, மதுரை அலுவலகத் தாக்குதல், மூன்று ஊழியர்களின் சாவு. குடும்பம் பிரிந்தது. அதே ஆண்டில் கலைஞர் டிவியும் அரசு கேபிள் நிறுவனமும் வந்தன. ஜெயலலிதா செய்ய நினைத்ததை இரண்டு வருஷத்துக்குள் கருணாநிதியே வேறு வடிவில் கையில் எடுத்தார். சன் குழுமமோ சன் டைரக்டோடு வானத்துக்குப் போனது. எம்பெக்-4 முறையில் இந்தியாவில் வந்த முதல் டிடிஎச் அது, குறைந்த விலை வேறு. 2008 டிசம்பரில் குடும்பம் சேர்ந்துகொண்டது. அரசு கேபிள் படுத்துக்கொண்டது.

இந்தச் சண்டையில் நடுத்தெருவில் நின்றவர் எங்கள் அண்ணாச்சி. யார் கம்பியை இழுத்தாலும் அவருக்கு அடி. கம்பியே வேண்டாம் என்று மாடியில் டிஷ் வைத்தால் அதுவும் அவருக்குத்தான் அடி. எங்கள் பெட்டி எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. எல்லோரும் தென்கிழக்கு வானத்தைப் பார்த்தபடிதான் மாட்டினார்கள். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத்தகட்டில் கோளாறு வந்து, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்தியபோது தமிழ்நாட்டில் எத்தனையோ மாடிகள் ஒரே நாளில் ஊமையாயின. 36,000 கிலோமீட்டர் மேலே போய் யார் வயரை ஆட்டிப் பார்ப்பது? அண்ணாச்சி அந்த வாரம் கொஞ்சம் நிமிர்ந்து சைக்கிள் ஓட்டியதாக அப்பா சொன்னார்.

எங்களுக்கு அதற்கு முன்பே ஓர் அடி விழுந்திருந்தது. அண்ணாச்சியிடம் ஓர் உள்ளூர் சேனல் உண்டு. ராத்திரி பத்து மணிக்குப் பழைய படம், செண்பகவல்லி அம்மன் கோயில் தேரோட்டம், ஜவுளிக்கடை விளம்பரம், கீழே ஓடும் எழுத்தில் இரங்கல் செய்தி. டிஷ்ஷில் உலகமே வரும், கோவில்பட்டி வராது. 2009இல் அப்பாவோடு முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் இருந்த நண்பர், வேலையை விட்டுவிட்டு ஊரின் அந்தக் கோடியில் இருந்தவர், இறந்துபோனார். இரண்டு நாள் இரங்கல் ஓடியிருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தது மூன்றாம் நாள், டீக்கடையில். “நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சோம்”னு அவர் வீட்டில் சொன்னார்களாம். அப்பா அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் டிவி பார்க்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மறுபடி எழுந்தது, மாதம் 70 ரூபாய்க்கு. இப்போது சிக்கனக் கணக்கு தலைகீழ். திரும்பிவிடலாம் என்றேன். ஆனால் தொடக்கத்தில் அதில் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் இல்லை. அம்மா 70 ரூபாயையும் சீரியலையும் எடைபோட்டு, டிஷ்ஷிலேயே நின்றாள். பாக்கி வைத்த ஆளிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்பதும் இருந்திருக்கும்.

2016இல் அப்பா இறந்தார். அன்று மத்தியானம் அண்ணாச்சி வந்து என்னிடம், “மாப்பிள்ளை போட்டோ ஒண்ணு குடு தம்பி, நல்லதா”ன்னார். எதற்கு என்று புரியவில்லை. அம்மாதான், “நம்மகிட்ட கனெக்‌ஷன் இல்லையே அண்ணாச்சி”ன்னா. “ஊர்ல இருக்குல்லா, தங்கச்சி.” இரண்டு நாள் ஓடியது. எங்கள் டிவியில் அதைப் பார்க்க முடியாது. நான் பக்கத்து வீட்டுக்குப் போய், நின்றபடியே பார்த்தேன். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

பிறகு அனலாக் அணைந்து, கேபிளுக்கும் பெட்டி வந்தது. பொய் எண்ணிக்கை முடிந்தது. 2019 பிப்ரவரியில் டிராய் புது விலைமுறையை அமலாக்கியது. முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153.40. அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சன் டிவி 19. பார்ப்பதற்கு மட்டும் காசு என்றார்கள், பலருக்கு பில் ஏறியது. எங்களுக்கும்தான். கேபிளோ டிஷ்ஷோ, அடிப்படைக் கட்டணத்துக்கு ஒரே உச்சவரம்பு. மிச்சம் பிடிக்க இடமே இல்லாமல்போனது.

2021இல் வீட்டிலிருந்து வேலை பார்க்க நான் ஊருக்கு வந்தபோது ஃபைபர் இணைப்பு தேவைப்பட்டது. தெருவில் அதைக் கொடுப்பவர் யார் என்று விசாரித்தால், அண்ணாச்சி. சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்திருந்தது, முடி நரைத்திருந்தது. அதே பழைய கம்பத்திலிருந்து மெல்லிய கறுப்பு வயரை இழுத்தார், வேகத்தைச் சோதித்துக் காட்டினார். மொபைலில் மேட்ச் போட்டுப் பார்த்தேன். டிஷ்ஷைவிட இன்னும் பிந்தி வந்தது.

கிளம்பும்போது அம்மா உள்ளே போய் 260 ரூபாயை எடுத்துவந்து நீட்டினாள். “2008 பாக்கி, அண்ணாச்சி.”

அவர் கொஞ்ச நேரம் முழித்தார். “அந்த நோட்டெல்லாம் எடைக்குப் போட்டு எத்தன வருசமாச்சு. யாரு குடுக்கணும்னு எனக்கே தெரியாது.”

“எனக்குத் தெரியும்லா.”

வாங்கி எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, இந்த மாத இணைப்புக் கட்டணத்தில் 260 கழித்து எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அவர் போன பிறகு அம்மா ரசீதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். அப்போ பாக்கி தீர்ந்ததா இல்லையாடா, நீ பில்லு போடுறவன்தானே, சொல்லு என்று.