சம்மதம் கேட்கப்படாதவர்கள்

நியூரம்பர்க் தீர்ப்பை ஒரு தொடக்கம் என்றுதான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். மருத்துவர்கள் வழக்கு என்று பெயர்பெற்ற அந்த வழக்கில் 23 பேர் கூண்டில் நின்றார்கள். 1947 ஆகஸ்டில் எழுவருக்கு மரண தண்டனை. தீர்ப்போடு பத்து விதிகளையும் அமெரிக்க நீதிபதிகள் எழுதிவைத்தார்கள். முதல் விதி, பரிசோதனைக்கு உட்படுபவனின் சுயேச்சையான சம்மதம் இன்றியமையாதது என்பது.

இது ஜெர்மனிக்குப் புதிதல்ல. ஹிட்லர் பதவிக்கு வருமுன்பே, 1931இல், ஜெர்மன் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறை, சம்மதமற்ற பரிசோதனையை விலக்கியிருந்தது. ஒருவனின் வறுமையைப் பயன்படுத்திக்கொண்டு அவன்மேல் புதிய சிகிச்சையைச் செய்துபார்ப்பது மருத்துவ அறத்துக்கு விரோதம் என்றும் சொல்லியிருந்தது. இதை அறிந்திருக்க வேண்டிய தலைமுறைதான் டாஹௌ முகாமில் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்தி, கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்தது. ஆக, குறை விதியில் இல்லை. முகாமிலிருந்தவன் அந்த விதி குறிப்பிடும் மனிதனாகக் கருதப்படவில்லை என்பதுதான் விஷயம்.

நாஜிகளின் வக்கிரம் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியவில்லை. நீதிபதிகளின் சொந்த தேசத்தில், அலபாமாவின் மேகன் கவுண்டியில், 1932 முதல் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு நோயின் பெயரே சொல்லப்படவில்லை. 'கெட்ட ரத்தம்' என்றார்கள். சிகிச்சையின்றி நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பது அரசாங்கச் சுகாதாரத் துறையின் நோக்கம். முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்ததை விசேஷ வைத்தியம் என்று நம்பவைத்தார்கள். பரிசோதனை நாளில் சாப்பாடு. செத்தால் பிணத்தை அறுத்துப் பார்க்கச் சம்மதித்தால் அடக்கச் செலவு. 1931இன் ஜெர்மன் நெறிமுறை விலக்கியது இதைத்தானே? நியூரம்பர்க்கில் தீர்ப்பு வாசிக்கப்பட்ட அதே காலத்தில் பெனிசிலின் இந்நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. இவர்களுக்குத் தரப்படவில்லை.

1966இல் அத்துறை ஊழியர் பீட்டர் பக்ஸ்டன் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஐ.நா. ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு, சம்மதமற்ற மருத்துவப் பரிசோதனையைச் சித்திரவதையோடு சேர்த்துத் தடை செய்தது. இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருத்துவ அறம் மருத்துவனின் மனசாட்சியை நம்புகிறது. சட்டம் அரசை நம்புகிறது. அரசே ஊசியைப் பிடித்திருக்கும்போது நோயாளி யாரிடம் போவது? மனித உரிமை என்ற கருத்து அங்கேதான் தேவைப்படுகிறது. ஆனால் உடன்படிக்கையை அமெரிக்கா உறுதிசெய்தது 1992இல்தான்.

1969இல் ஒரு நிபுணர் குழு கூடி, ஆய்வு தொடரட்டும் என்றது. 1972இல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகே நிறுத்தினார்கள். 1997இல் ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டபோது அவர்களில் எட்டுப் பேரே உயிரோடிருந்தார்கள்.