கரையிறங்கும் கணக்கு: தென்துருவச் சுற்றுலாவும் நொய்யல் தரும் சான்றும்

அண்டார்க்டிகாவின் எந்தக் கரையிலும் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியாவது உடனிருக்க வேண்டும். ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிவந்த கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. ஓர் இறங்குமிடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல் மட்டுமே. அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகள் 2009இல் பால்டிமோர் கூட்டத்தில் ஏற்றுக்கொண்ட வரையறைகள் இவை. நான்குமே ஒரு தடவை கரையிறங்குவதை அளக்கின்றன. ஒரு கோடைப் பருவம் முழுவதும் ஒரு கரை எத்தனை கால்களைத் தாங்கும் என்ற கேள்வி இவற்றுள் ஒன்றிலும் இல்லை. அந்த விடுபடலே துருவச் சுற்றுலா ஒழுங்குமுறையின் அடிப்படைக் குறை என்பதும், அக்குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் திருப்பூர் வட்டாரம் கண்ணெதிரே சான்று வைத்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பயணிகளைத் தென்துருவத்துக்கு முறையாக அழைத்துச் செல்லும் வழக்கத்தை 1966இல் தொடங்கியவர் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட். 1969இல் அதற்கென்றே ஒரு கப்பலையும் கட்டினார். இதைச் சாத்தியமாக்கியது சோடியாக் எனப்படும் காற்றடைத்த ரப்பர் படகு. துறைமுகமோ படித்துறையோ இல்லாத கரையில், பனிக்கட்டிகளுக்கிடையே புகுந்து, பத்துப் பன்னிரண்டு பேரை முழங்கால் நீரில் இறக்கிவிட அதனால் முடியும். தென் அமெரிக்காவின் உசுவாயாவில் ஏறி டிரேக் நீரிணையை இரண்டு நாளில் கடந்து வருபவர்கள் கூவர்வில் தீவிலும் நேக்கோ துறையிலும் டிசெப்ஷன் தீவிலும் இப்படித்தான் இறங்குகிறார்கள். பென்குயின் கூட்டங்களைச் சுற்றி நடப்பது, பனிக்காலணி கட்டிச் சரிவேறுவது, கயாக் செலுத்துவது, பனிமேல் ஓர் இரவு படுத்துறங்குவது, உறைநிலை நீரில் குதித்தெழுவது என நிகழ்ச்சிகள் ஆண்டுக்காண்டு கூடிவருகின்றன. முன்பு இறங்கிப் பார்த்தால் போதும் என்றிருந்தது. இப்போது இறங்கிய இடத்தில் எதையாவது செய்தாக வேண்டும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு புதிய நிகழ்ச்சியும் கரையில் தங்கும் நேரத்தையும் கால்படும் பரப்பையும் கூட்டுகிறது என்பதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நிறுவனங்கள் பொறுப்பற்றவை என்று நான் சொல்லவில்லை. 1991இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த அண்டார்க்டிக் சுற்றுலா நடத்துநர்களின் பன்னாட்டுச் சங்கம், எந்தக் கப்பல் எந்த மணிக்கு எந்தக் கரைக்குப் போவது என்பதை முன்பதிவு முறையால் நெறிப்படுத்துகிறது. பயணிகளின் சட்டைப்பை, பையின் ஓரம், வெல்க்ரோ பட்டை எல்லாம் இறங்குமுன் வெற்றிடத் துப்புரவுக் கருவியால் உறிஞ்சிச் சுத்தம் செய்யப்படுகின்றன. போகும்போதும் திரும்பும்போதும் ரப்பர் பூட்ஸ் கிருமிநாசினியில் கழுவப்படும். பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டராவது விலகி நிற்க வேண்டும். 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை அடுத்த பறவைத் தீவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகப் பெருநிலத்திலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதிப்பட்ட நிலையில், பறவைகள் வாழும் இடங்களில் தரையில் உட்காருவதும் மண்டியிடுவதும் படுப்பதும்கூட விலக்கப்பட்டன.

திருப்பூரை அடுத்த பொங்கலூர், பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இராது. கொட்டகை வாசலில் கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்தே உள்ளே போவதும், தீவன லாரியின் சக்கரத்துக்கு மருந்தடிப்பதும் இங்கே அன்றாட வேலை. அதே வைரஸுக்கு எதிரான அதே காப்பு. எத்தனை கவனமாக இருந்தாலும், ஒரு நாளில் கொட்டகைக்குள் வந்துபோகும் ஆட்களும் வண்டிகளும் பெருகப் பெருக ஆபத்தும் பெருகும் என்பதும் அவர்கள் அறிந்ததுதான். தொட்டி தேவை. ஆனால் உள்ளே வருவோர் தொகையைக் குறைக்கும் வேலையைத் தொட்டி செய்யாது.

துருவத்தில் அந்தத் தொகை எப்படி வளர்ந்திருக்கிறது? 1992–93 பருவத்தில் வந்த பயணிகள் ஏறத்தாழ 6,700 பேர். 2023–24இல் 1,22,000க்கும் மேல். எல்லோரும் இறங்குவதில்லை, கப்பலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புபவர்களும் பலர். ஆனால் இறங்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள சில இடங்களிலேயே திரும்பத் திரும்ப இறங்குகிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் அந்தப் பருவம் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்க்கும் பருவமும்கூட.

தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தெரிபவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2007–08 பருவத்தில் அங்கு சென்றவர்களின் உடை, பைகளைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வு, விதை கொண்டுவந்தவர்களிடம் ஆளுக்குச் சராசரியாக ஒன்பதுக்கும் மேற்பட்ட விதைகள் இருந்ததைக் காட்டியது. சுற்றுலாப் பயணிகளைவிட ஆய்வாளர்களிடமே அவை அதிகமிருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ராஸ் தீவுப் பகுதியில் பனியெடுத்த 19 இடங்களிலும் நுண்நெகிழி இருந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. உருக்கிய பனியில் லிட்டருக்குச் சராசரியாக 29 துகள். அவற்றுள் மிகுதி, குடிநீர் பாட்டிலுக்கும் துணிக்கும் பயன்படும் பாலியெஸ்டர் வகை. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, கப்பல் புகையின் கரித்துகள் பனிமேல் படிவதால் ஒரு பயணியின் வருகை சுமார் 83 டன் பனியை முன்னதாக உருகச் செய்கிறது என்று மதிப்பிட்டது.

இவற்றினும் எனக்கு அழுத்தமாகப் படுவது தெற்கு ஷெட்லாந்துத் தீவுகளைச் சேர்ந்த பரியென்டோஸ் என்னும் சிறு தீவின் கதை. அங்குள்ள பாசிப் படுகையின் குறுக்கே நடைதடங்கள் பதிந்துவிட்ட செய்தி 2012இல் உடன்படிக்கை நாடுகளின் ஹோபார்ட் கூட்டத்தின் முன் வந்தது. அந்தப் பாசி வளர்வது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில்தான். எந்த ஒரு குழுவும் தனியாக அந்தத் தடத்தை உண்டாக்கியிருக்க முடியாது. முன்னவர் நடந்த வழியில் பின்னவர் நடந்ததால் ஆனது அது. குழுவை அளக்கும் விதியால் பார்த்தால் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தீவை அளந்தால்தான் சேதம் தெரிகிறது.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் நடந்ததும் இதுவே. திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற்றே இயங்கின. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கட்டப்பட்டன. ஆனால் அவை கரைந்த உப்பைப் பிரித்தெடுக்க வல்லவையாக இருக்கவில்லை. ஒவ்வொரு பட்டறைக்கும் அளவு வைத்தார்கள். நூற்றுக்கணக்கான பட்டறைகள் விடும் உப்பு மொத்தமாகச் சேர்ந்தால் ஆறு தாங்குமா என்று யாரும் அளவு வைக்கவில்லை. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவின் தேக்கமானது. கடைமடை விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை 2006இல் விதித்த சென்னை உயர் நீதிமன்றம், அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் வேதனையைப் பனியன் தொழிலாளர் குடும்பங்கள் சுமந்தன. தொடக்கத்திலேயே ஆற்றின் தாங்குதிறனை அளந்து அதற்குள் பட்டறைகளை அனுமதித்திருந்தால் அந்த ஒட்டுமொத்த மூடலுக்குத் தேவையே வந்திராது.

ஒப்புமையில் ஒரு வேறுபாடு உண்டு. அது வாதத்தை வலுவாக்கவே செய்கிறது. நொய்யலுக்கு ஓர் அரசும் ஒரு நீதிமன்றமும் இருந்தன. அண்டார்க்டிகாவில் இறையாண்மை யாருக்கும் ஒப்புக்கொள்ளப்படவில்லை. முடிவுகள் அனைவரின் ஒருமித்த இசைவால் மட்டுமே எடுக்கப்படும். 2009இன் வரையறைகூட முழுச் சட்ட வலிமை பெற உடன்படிக்கையில் முடிவெடுக்கும் உரிமை பெற்ற எல்லா ஆலோசனை நாடுகளின் ஒப்புதலுக்கும் காத்திருக்கிறது. அதுவரை நிறுவனங்களின் தன்னார்வக் கட்டுப்பாடே பெரும்பாலும் அதைத் தாங்கி நிற்கிறது. வடதுருவத்து ஸ்வால்பார்டில் நார்வேயின் ஆட்சி இருப்பதால், 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல் வரலாகாது என்றும், அங்கே 43 குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இறங்கலாம் என்றும் ஆணையிட முடிந்தது. அதுவும் கப்பலுக்கான அளவுதான். பருவத்துக்கான உச்சவரம்பு அங்கும் இல்லை.

நேரில் கண்டவர்கள் துருவத்தின் காவலர்களாகத் திரும்புவார்கள் என்பது இத்தொழிலின் வழக்கமான நியாயம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் எத்தனை பேர் போக வேண்டும் என்ற கேள்விக்கு அது விடையாகாது. பத்தாயிரம் காவலர்கள் போதுமா, ஒன்றேகால் லட்சம் வேண்டுமா என்பதை அந்த நியாயத்தை வைத்து முடிவுசெய்ய வழியில்லை.

இந்தியாவுக்கு இதில் பேச இடமிருக்கிறது. 1983 முதல் ஆலோசனை நாடு. மைத்ரி, பாரதி ஆகிய நிலையங்களை நடத்துகிறது. 2022இல் அண்டார்க்டிகச் சட்டம் இயற்றியிருக்கிறது. 2024 மே மாதம் கொச்சியில் நடந்த 46ஆவது ஆலோசனைக் கூட்டத்தில்தான் சுற்றுலாவுக்கு முழுமையான ஒழுங்குமுறை வரைவதற்கான பணிக்குழு விவாதம் தொடங்கியது. அந்த வரைவில் இந்தியா கேட்க வேண்டியது, ஒவ்வோர் இறங்குமிடத்துக்கும் பருவத்துக்கான மொத்த வருகை வரம்பு. அதை மீறும் நிலை வந்தால் பருவத்தின் நடுவிலேயே அவ்விடத்தை மூடும் அதிகாரம். உலக ஒப்புதலுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2022 சட்டத்தின்கீழ் அனுமதி வழங்கும் குழு, தன்னிடம் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தக் கரையில் அந்தப் பருவத்தில் முன்பே இறங்கியவர்களின் எண்ணிக்கையைக் கேட்டு, அதைக் கூட்டிப் பார்த்த பிறகே அனுமதி தருவது என்று இப்போதே விதி செய்துகொள்ளலாம்.