பொலிஸ் யாருடைய ஆள்? பாதுகாப்புக் கட்டளை வழக்குகளில் நலன் முரண்

"அந்த சேர் எனக்கு ஆளா, மாப்பிளைக்கு ஆளா தங்கச்சி?"

கல்முனைக் கரையோர ஊரொன்றில் ஒரு ராத்தா என்னிடம் கேட்டது இது. கணவர் அடித்ததாக அவர் முறைப்பாடு கொடுத்தார். மறுநாள் கணவரும் ஒரு முறைப்பாடு கொடுத்தார். இரண்டையும் விசாரித்தவர் ஒரே அதிகாரி.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் தானே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். சிக்கல் இங்கேதான். நீதவான் நீதிமன்றத்தில் அடிதடி வழக்குகளைப் பெரும்பாலும் நடத்துவதும் பொலிஸ்தான். இருவர் மீதும் வழக்குப் போட்டால், ஒரு கோப்பில் அந்தப் பெண்ணுக்காகப் பேசும் அதே நிலையம், மற்றக் கோப்பில் அவரைச் சந்தேகநபர் ஆக்குகிறது. அதிகாரி கணவரின் உறவினராகவோ கூட்டாளியாகவோ இருந்தால் விலகி நிற்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. சட்டத்தரணிகளுக்காவது 1988ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற ஒழுக்க விதிகள் இருக்கின்றன.

ராத்தாவின் கேள்விக்கு விடை: அவர் உங்கள் சட்டத்தரணி அல்ல. போர்க்காலப் பயம் இன்னும் போகாத எங்கள் பக்கத்தில், முஸ்லிமோ தமிழரோ, பொலிஸில் "சமாதானமாகிப் போங்க" என்றால் வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிடுகிறோம். அப்படி வைக்க வேண்டியதில்லை.

முதலில் காதியிடம் போக வேண்டும் என்பதும் தவறு. காதி நீதிமன்றம் விவாகரத்தையும் தாபரிப்பையும் பார்க்கும்; இந்தக் கட்டளையை வழங்குவது நீதவான் மட்டுமே.

அதிகாரிக்கு மறுதரப்போடு தொடர்பு இருப்பது தெரிந்தால், விண்ணப்பத்தை உங்கள் பெயரிலேயே போடுங்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதிகாரியின் நடத்தை பற்றித் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமோ மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். அவசரமென்றால் நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை தரலாம்; விசாரணைத் திகதி 14 நாட்களைத் தாண்டக்கூடாது.

பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதங்கள் செல்லும். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் மீறலைச் சொல்ல மறுபடியும் போக வேண்டியிருப்பது பெரும்பாலும் அதே பொலிஸ் நிலையத்துக்குத்தான். போகும்போது கட்டளையின் பிரதியைக் கையில் கொண்டு போங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.