நாயனார்: தலைவன் பெயர் தொண்டர்க்கு உரியதான வரலாறு

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர் ‘நயினார்’ என்று வழங்கப்பெறுவதும், சிவன் கோயில் திருச்சுற்றுகளில் சிவனடியார் அறுபத்துமூவர் ‘நாயன்மார்’ என்று வணங்கப்பெறுவதும் ஒரே சொல்லின் இரு கிளைகளாகும். தலைவன் என்னும் பொருளுடைய ‘நாயன்’, ‘ஆர்’ என்ற மதிப்பு விகுதி பெற்று நாயனார் ஆகி, பேச்சு வழக்கில் நயினார் எனத் திரிந்தது.

இச்சொல் எந்த ஒரு சமயத்துக்கும் தனியுடைமையாக இருந்ததில்லை. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சிவன் கோயில் மூலவரையே நாயனார் என்று குறிக்க, திருநறுங்கொண்டையில் எழுந்தருளிய சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் அப்பாண்டை நாயனார் என்று போற்றப்பெற்றார். ஆரணியை அடுத்த பூண்டியில் சம்புவராயர் காலத்தில் வீரவீர ஜினாலயம் சிறப்புற்றிருந்ததை நோக்க, இவ்வட்டாரத்தில் சமண வழக்கு வேரூன்றியிருந்தது தெளிவாகும். வைணவத்தில் ‘ஆசாரிய இருதயம்’ இயற்றிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும், சமய எல்லை கடந்து திருவள்ளுவ நாயனாரும் இப்பெயர் பெற்றனர்.

இறைவனைக் குறித்த இச்சொல் அடியார்க்கும் உரியதானதே சைவ வரலாற்றின் சிறப்பு. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியாரை நிரல்படுத்தினார். நம்பியாண்டார் நம்பி அதனை அந்தாதியாக விரித்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அவ்வடியார்தம் வாழ்வைப் பெரியபுராணமாகப் பாடினார். அரசரும் அந்தணரும் இருந்த அவ்வரிசையில் குயவரான திருநீலகண்டரும், வேடரான கண்ணப்பரும், காஞ்சியில் துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டரும் இடம்பெற்றனர். காம்பீலியில் சாலியர் குலத்துப் பிறந்த நேச நாயனார், மனத்தைச் சிவனடியிலும் நாவை ஐந்தெழுத்திலும் வைத்து, கைத்தொழிலை அடியார்க்கு ஆக்கி, தாம் நெய்த உடையும் கீளும் கோவணமும் அவர்களுக்கு வழங்கினார்; அவருக்குத் தறியே தவமாயிற்று.

ஒப்பிட்டு நோக்கினால், கத்தோலிக்கத் திருச்சபையில் இன்று முறையான விசாரணைக்குப் பின் திருத்தந்தை அறிவித்தாலன்றி ஒருவர் புனிதராவதில்லை. 2022 மே 15 அன்று தமிழ் மறைசாட்சி தேவசகாயம் அவ்வாறே வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். நாயன்மார்க்கோ அத்தகைய தீர்ப்பாயம் இல்லை. புலவர் பாடினர், சிற்பியர் தாராசுரத்தில் அவர்தம் வரலாறுகளைக் கல்லில் வடித்தனர், ஊரார் குருபூசை எடுத்தனர். தொண்டு செய்தவரையே தலைவர் என அழைக்கத் தமிழ்ச் சமூகம் துணிந்தது. பிறப்பால் வரும் பெருமையினும் உழைப்பால் வரும் பெருமை உயர்ந்தது என்ற அத்துணிவே நாயனார் என்னும் சொல்லின் முழுப்பொருள்.